கடைசி அத்தியாயத்தில் வெளியேறாத மனைவி

அன்புள்ள மச்சான் இரவிச்சந்திரனுக்கு,

மொன்றியலில் நான் சுகம். உங்கள் தங்கை தாட்சாயினி என்னைவிடச் சுகம். இந்தக் கடிதத்துக்குக் காரணமே அதுதான். ரொறன்ரோவில் உங்கள் முழங்காலையும் முருகன் பார்த்துக்கொள்வானாக.

நான் பட்ட பாட்டை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. புவாண்ட்-கிளேர் ஒஃபிஸுக்குப் போகிற பஸ்ஸில் தாட்சாயினி அமெரிக்க நாவல்கள் வாசிக்கத் தொடங்கினாள். சனிக்கிழமைகளில் டவுன்டவுனில் பெண்ணிய வாசகர் வட்டம் வேறு. "முந்தி அமெரிக்க நாவலில ஆம்பிளை கடலுக்குப் போவான், சண்டைக்குப் போவான். பொம்பிளையள் எழுத வந்தாப் பிறகுதான் குசினிக்குள்ளயும் கதை இருக்கெண்டு தெரிஞ்சுது" என்று சோறு போடும்போது சொன்னாள். நானும் ஓம் ஓமென்று தலையாட்டினேன். பேந்துதான் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். மனைவி கதவைத் திறந்து போய்விட்டாள்! அடுத்த நாவலிலும் போனாள். மூன்றாவதில் போனவள் காரையும் கொண்டு போனாள். மச்சான், அடுத்தது உங்கட தங்கச்சிதானெண்டு பயந்துபோனன்.

விட்டேனா? இந்தப் பொம்பிளையள் ஏன் போனவை என்று முன் அத்தியாயங்களையும் படித்தேன். ஒரு புருஷனுக்கும் தேத்தண்ணி போடத் தெரியாது, தலை துவட்டுற துவாய் எங்கே இருக்கிறதென்றும் தெரியாது. வழி பிடிபட்டது. குசினிக்குள் இறங்கினேன். முதல் நாள் பருப்பு அடிப்பிடித்து, புகை அலாரம் கத்தி, கீழ்வீட்டுப் பிரெஞ்சு மனுசி கடவுளைக் கூப்பிட்டு 'மொன் தியூ' என்று ஓடிவந்தா. பிறகு தேங்காய்ப்பால் சொதி திரைந்தது. சிவப்புத் துவாயோடு சேர்த்துத் தோய்த்ததில் என்ர பட்டுக்கரை வேட்டி றோஸ் நிறமாச்சு. அதையே கட்டிக்கொண்டு கோயில் தேருக்குப் போனேன். அங்கே வந்த சிநேகிதன் ஞானேந்திரன் சிரித்தான், சிரிக்கட்டும்! இப்ப என்ர கத்தரிக்காய்க் குழம்புக்கு உங்கட தங்கச்சி இரண்டாந்தரம் சோறு போடுறாள்.

போன சனி அந்த வட்டத்துக்கே போய், அத்தனை பெண்களுக்கும் நடுவே எழும்பினேன். "உங்கட நாவல்களில வாற அமெரிக்கப் புருஷன்மாரிட்ட ஒரு மாசம் குசினியைக் குடுத்திருந்தா ஒருத்தியும் வீட்டைவிட்டுப் போயிருக்கமாட்டாள்!" கைதட்டல் மச்சான், கைதட்டல்! தாட்சாயினி கண்கலங்கி, "இஞ்சாருங்கோ, இப்பதான் எனக்கு நிம்மதி" என்றாள். வென்றுவிட்டேன்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பும் ஆசியும். உங்கள் வீட்டிலும் எல்லாரும் சேர்ந்திருந்து சாப்பிடுவீர்களாக.

வெற்றிக் களிப்புடன்,
தியாகலிங்கம்

பி.கு.: கடித உறையை ஒட்டும்போது தாட்சாயினி வந்து நிம்மதியின் காரணத்தைச் சொன்னாள். பொஸ்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம். அமெரிக்க நாவலும் பெண்ணியமும், இரண்டு வருடப் படிப்பு. "நீங்கள் பட்டினி கிடப்பியளெண்டுதான் வேண்டாமெண்டு எழுத இருந்தனான். இனிப் பயமில்லாமல் போவன்." மச்சான், நீங்கள் மட்டும் குசினிப் பக்கம் போயிடாதேயுங்கோ!