வஜ்ரப் பொடியும் கோலமாவும்

சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தில் விற்காத பொருள் கிடையாது. துண்டு விற்கும், எண்ணெய் விற்கும், மங்குஸ்தான் விற்கும், நனைந்துபோன சிப்ஸ்கூட விற்கும். அந்த வருஷம் புஜமும் விற்றது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் பாதி வழியில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் ‘வஜ்ரதேகி உடற்பயிற்சி ஆசிரமம்’ என்று பலகை. உடற்பயிற்சிக்கு வருகிறவன் செருப்பைக் கழற்ற வேண்டும். ஆசிரமத்துக்கு வருகிறவன் மூளையைக் கழற்ற வேண்டும். செருப்புக்கு மட்டும் டோக்கன் கொடுத்தார்கள்.

உள்ளே வீற்றிருந்தவர் வஜ்ரதேகி நாகராஜன். காவி நிறத்தில் டிராக் பேண்ட், உடம்பைக் கவ்விய பனியன், கழுத்தில் உருத்திராட்சம், காதில் புளூடூத். மேலே பார்த்தால் சாமியார், கீழே பார்த்தால் கோச். அவர் விற்ற சரக்கின் பெயர் ‘வஜ்ரம் கோல்ட்’. பொதிகைமலைச் சித்தர் ஒருவர் காதில் ஓதிய மூலிகையை நானோ டெக்னாலஜியில் அரைத்ததாம். அருவித் தண்ணீரில் கலந்து குடித்தால் சதை தானாக முறுக்கேறுமாம். சித்தருக்கு நானோ எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு இடைவெளி வேண்டாமா? டப்பா வாங்கவே வரிசை சாலை வரைக்கும் நின்றது.

வரிசையில் யார் யாரெல்லாம்! கல்யாணத்துக்கு முன்னால் தோள் அகலமாக வேண்டும் என்று மாப்பிள்ளைகள். புளியறை செக்போஸ்ட்டில் லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்த டிரைவர்கள். மாணவர்களிடம் எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று காலையில் பாடம் நடத்திவிட்டு மாலையில் மகனுக்கு டப்பா வாங்க வந்த வேதியியல் பேராசிரியர். அவருக்குப் பெரிய டப்பா.

எல்லோரையும் கவிழ்த்தது ஒரே ஒரு வித்தை. வஜ்ரதேகி ஒருவனை மேடைக்குக் கூப்பிடுவார். கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி அழுத்துவார். கை பொத்தென்று கீழே விழும். பிறகு அவன் மறு கையில் வஜ்ரப் பொடிப் பொட்டலம் ஒன்றைக் கொடுப்பார். குடிக்கக்கூட வேண்டாம், சும்மா பிடித்துக்கொண்டால் போதும். மறுபடியும் அழுத்துவார். கை இரும்புக் கம்பி மாதிரி நிற்கும்!

“பிடிச்சதுக்கே இப்படின்னா, குடிச்சா எப்படி?” என்பார் வஜ்ரதேகி. கூட்டம் ‘ஓ’வென்று கத்தும்.

மேடையில் அப்படிக் கை நீட்டி நின்றவன் பெரும்பாலும் முப்பிடாதி. சாலை நெடுக இருந்த பிளக்ஸ் பேனர்களில் சட்டையில்லாமல் முறைத்துக்கொண்டிருந்தவனும் அவன்தான். ஆய்க்குடிக்காரன். இரண்டு சித்தப்பாமாரும் போலீஸ். அவனும் கான்ஸ்டபிள் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். கயிறு ஏறிக் காட்ட வேண்டிய உடற்தகுதித் தேர்வு மட்டும் பாக்கி. பேனரில் தெரிந்த உடம்பு சின்ன வயசிலிருந்து வயலில் நெல்மூட்டை தூக்கி வந்த உடம்பு. பெயர் மட்டும் பொடிக்குப் போயிற்று. நெல்மூட்டைக்கு விளம்பரம் செய்ய ஆளில்லையே!

ஆசிரமத்தில் சேர்ந்த பிறகு வஜ்ரதேகி அவனுக்கு ஒரு விரதம் விதித்தார். முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது. எல்லாம் சூடு. மூன்று வேளையும் பொடிதான். முப்பிடாதி அப்படியே கடைப்பிடித்தான். அவன் அம்மா உமாதேவி வைத்த அயிரை மீன் குழம்பு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு திண்ணமாகப் பொடியைக் குடித்தான். பலன் சீக்கிரமே தெரிந்தது. முன்பு குரங்கு மாதிரி கயிறு ஏறியவன் பாதியிலேயே தொங்கினான்.

“மாஸ்டர், கை நடுங்குது” என்றான்.

“பழைய சதை கழியுதுப்பா. புதுச் சதை வாரதுக்கு இடம் வேணும்லா?”

ஆமாம், வாடகை வீடு பாருங்கள், காலி பண்ணினால்தானே அடுத்தவர் குடிவர முடியும்! முப்பிடாதிக்கு அது சரியாகத்தான் பட்டது. டோஸைக் கூட்டினான்.

அவனுடைய மாமன் மகள் உமாராணிக்குத்தான் சரியாகப் படவில்லை. தென்காசியில் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் டெக்னீஷியன். தை மாதம் இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், இடுப்பில் நிற்காத பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன அத்தான், பேனர்ல இருக்கது உங்க அண்ணனா?”

“கிண்டல் பண்ணாத உமா. புதுச் சதை வரப்போவுது.”

“எங்கன இருந்து? செங்கோட்டை ரயில்லயா?”

டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் போட்டாள். லேபிலிருந்து கொண்டுவந்த அயோடினை ஒரு சொட்டு விட்டாள். வெள்ளைப் பொடி கருநீலமாக மாறிற்று.

“பாத்தீங்களா? எட்டாங் கிளாஸ்ல படிச்சதுதான். மாவுச்சத்து இருந்தா நீலமாவும். இது முழுக்க மாவு. நீங்க மூணு வேளையும் கூழு குடிக்கீங்க.”

முப்பிடாதி திடுக்கிட்டான். நீலத் தட்டைக் காகிதத்தால் மூடி ஆசிரமத்துக்கு ஓடினான். வஜ்ரதேகி அயோடின் கதையைக் கேட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தார். கண்ணை மூடினார். பக்தியோடு சிரித்தார்.

“சிவபெருமான் கழுத்து ஏம்ப்பா நீலமாச்சு?”

“ஆலகால விஷத்த குடிச்சதுனால.”

“அயோடின் பாட்டில்ல என்ன எழுதியிருக்கு? விஷம்னு எழுதியிருக்கா இல்லையா? அந்த விஷத்த நம்ம பொடி உறிஞ்சி எடுத்துட்டு. அதான் நீலம்!”

சுற்றி நின்றவர்கள் மெய்சிலிர்த்தார்கள். வேதியியல் பேராசிரியர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முப்பிடாதி போன வேகத்தில் திரும்பி வந்து உமாராணியிடம் இதை ஒப்பித்தான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“சரி, பொடியில ஒண்ணும் இல்லன்னே வச்சுக்குவோம். கை ஏன் தாழ மாட்டேங்கு? நானே நிக்கேன்லா. நடிக்கலயே!” என்றான் அவன்.

அது நல்ல கேள்விதான். உமாராணி அதற்காகவே காத்திருந்தவள் போல எழுந்தாள்.

“கைய நீட்டுங்க.”

நீட்டினான். அவள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்துச் சட்டென்று அழுத்தினாள். கை விழுந்தது. ஆறடி ஆள், ஒரு பெண்பிள்ளையின் இரண்டு விரலுக்கு! அடுத்து, வாய் கட்டிய ஒரு கவரை அவன் மறு கையில் திணித்தாள்.

“இதுல வஜ்ரம் இருக்கு. தயாரா? நல்லா கெட்டியா நில்லுங்க. அழுத்தப் போறேன்…”

முழங்கைக்குப் பக்கத்தில் அழுத்தினாள். கை அசையவில்லை. அவள் தொங்கியே பார்த்தாள். அசையவில்லை.

“பாத்தியா! பாத்தியா!” முப்பிடாதி குதித்தான். “பொடி வேல செய்யுதுல்லா!”

“கவரப் பிரிங்க.”

பிரித்தான். உள்ளே அவனுடைய பழைய சாக்ஸ் ஒன்று இருந்தது. துவைக்காதது.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த உமாதேவி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. முப்பிடாதி சிரிக்கவில்லை. சாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“மணிக்கட்டுல அழுத்துனா பச்சப் பிள்ளைகூட தாழ்த்திரும். கதவ கொண்டி பக்கம் தள்ளுத மாதிரி” என்றாள் உமாராணி. “முழங்கைகிட்ட அழுத்துனா கீல் பக்கம் தள்ளுத மாதிரி. லேசுல அசையாது. அதோட, மொதத் தடவ நீங்க அசந்து நிக்கீங்க. ரெண்டாந் தடவ பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கீங்க. பலம் உங்களுது அத்தான். பேரு பொடிக்கு.”

அவன் மெல்ல உட்கார்ந்தான். “அப்ப கடையில விக்கிற எல்லாப் பொடியுமே பொய்யா?”

“அப்படியும் சொல்ல மாட்டேன். பால்ல இருந்து எடுக்குத புரதப் பொடி இருக்கு. அதுவும் ஒரு சாப்பாடுதான். முட்டை, மீனு, பருப்பு ஒழுங்கா திங்க முடியாதவனுக்கு ஒத்தாசை. திங்கவனுக்குப் பெருசா தேவையில்ல. கிரியாட்டின்னு ஒண்ணு இருக்கு. நெறைய பேர வச்சுச் சோதிச்சிருக்காவ. எடை தூக்குதவங்களுக்குக் கொஞ்சம் உதவுது. கொஞ்சம்தான். அதையும் டாக்டர்ட்ட கேட்டு, சீல் பாத்து வாங்கணும். ஆனா எந்தப் பொடியும் உங்களுக்குப் பதிலா கயிறு ஏறாது.”

முப்பிடாதி சாக்ஸை ஓரமாகத் தூக்கிப் போட்டான். பிறகு, “எம் மூஞ்சியப் பாத்துல்லா உமா ஊரே வாங்கிச்சு. அப்ப நாந்தான் ஏமாத்துனேனா?” என்றான்.

“இது வரைக்கும் நீங்க ஏமாந்தீங்க. இனிமே மேடையேறி கை நீட்டுனா, ஏமாத்துவீங்க.”

அவன் மேடையேறினான். ஆனால் வேறு வேலையாக.

ஞாயிற்றுக்கிழமை, அருவிக்குப் பக்கத்து மைதானத்தில் ‘வஜ்ர மகோற்சவம்’. சீசன் கூட்டம் பாதி அருவியிலும் பாதி இங்கேயும் நின்றது. அருவியில் நின்றவர்கள் தலையை நனைத்தார்கள். இங்கே நின்றவர்கள் தலையைக் கொடுத்தார்கள். பந்தோபஸ்துக்கு ஏட்டம்மா உலகம்மை வந்திருந்தார்.

“நம் வஜ்ர வீரன் முப்பிடாதி!” என்று மைக்கில் முழங்கினார் வஜ்ரதேகி. முப்பிடாதி வந்து மைக்கை வாங்கிக்கொண்டான்.

“அண்ணாச்சி, அக்காமாரே! மாஸ்டர் பொடி சக்தியுள்ளதுன்னு நம்புதீங்கள்லா? இன்னைக்கு ஒரு சின்ன மாத்தம். ஒரே மாதிரி ரெண்டு பொட்டலம். ஒண்ணுல வஜ்ரம், இன்னொண்ணுல வேற மாவு. எது எதுன்னு எனக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது. கை தாழாம நின்னா வஜ்ரம். தாழ்ந்தா வெறும் மாவு. மாஸ்டர் அழுத்திப் பாத்துச் சொல்லட்டும்.”

வஜ்ரதேகியின் முகத்தில் சாரல் அடித்தது. “நம்பிக்கை இல்லாத இடத்துல பொடி வேலை செய்யாது!” என்றார்.

“இவ்வளவு பேரு நம்பித்தான நிக்கோம்? செய்யுமய்யா!” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் உருகினார். பாவம், அவர் ஆதரவாகத்தான் சொன்னார். அதுவே வினையாயிற்று. “அழுத்துங்க மாஸ்டர்! அழுத்துங்க!” என்று மைதானமே கோஷமிட்டது. பக்தர்களை உண்டாக்குவது எளிது. உண்டாக்கியபின் அவர்களிடமிருந்து தப்புவதுதான் கஷ்டம்.

உமாராணி வஜ்ரத்தையும் மாவையும் ஒரே மாதிரி இரண்டு பழுப்புக் கவரில் தனித்தனியாகப் போட்டு ஒட்டி ஏட்டம்மாவிடம் கொடுத்திருந்தாள். உலகம்மை இரண்டையும் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்து முப்பிடாதி கையில் வைத்தார். அவன் கண்ணை மூடி மறு கையை நீட்டினான்.

வஜ்ரதேகி ஒரு நொடி யோசித்தார். பழக்கதோஷம். முழங்கைக்குப் பக்கத்தில் அழுத்தினார். கை நின்றது.

“இதுதான்! இதுதான் வஜ்ரம்! சித்தர் சக்தி!”

கைதட்டல் காதைப் பிளந்தது. உலகம்மை கவரைக் கிழித்து உள்ளே பார்த்தார், முகர்ந்தார். பிறகு குனிந்து மேடையில் ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சுற்றி அழகாக ஒரு சிக்குக்கோலம் வளைத்தார்.

“கோலமாவு” என்றார்.

“அப்ப எங்க வீட்டு வாசல்ல இருக்கது பூராவும் சக்தியா?” என்று ஒரு பெண் கேட்டாள். சிரிப்பு வெடித்தது.

“இன்னொண்ணையும் பாத்துருவோம் மாஸ்டர். ஒருவேளை ரெண்டுமே வஜ்ரமா இருக்கலாம்லா?” என்றான் முப்பிடாதி, பெரிய மனசோடு.

அடுத்த கவர். முதல் கவர் மாவு என்றால் இது வஜ்ரம் என்று கணக்குப் போடக்கூட வஜ்ரதேகிக்கு அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. அவசரமாகக் கிடைத்த இடத்தில் அழுத்தினார். கிடைத்த இடம் மணிக்கட்டு. கை பொத்தென்று விழுந்தது.

“இது… இது போலி!” என்று வாய் தவறிக் கத்தினார்.

“ஆமா, நீங்களே சொல்லிட்டீங்க” என்றார் உலகம்மை, கவரைப் பிரித்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டி. “இதுதான் உம்ம வஜ்ரம் கோல்டு. என்னதுய்யா இது? உள்ளத சொல்லும். இங்கனயே சொல்லுதீரா, ஸ்டேஷன்ல வந்து சொல்லுதீரா?”

வஜ்ரதேகியின் வைரம் பாய்ந்த உடம்பு வியர்த்து ஊற்றியது. “மேடம்… கேடு ஒண்ணும் கிடையாது மேடம்… மரவள்ளி மாவுதான். கொஞ்சம் சீனி, ஏலக்காய்…”

“கப்பக்கிழங்கா!” என்று அலறினான் ஒரு லாரி டிரைவர். “புளியறை தாண்டுனா கேரளா பக்கம் பூரா கெடைக்குமே! அதுக்காகவா இந்த வரிசையில நின்னேன்? மீன்கறியாவது சேத்துக் குடுத்திருக்கலாம்லே!”

வேதியியல் பேராசிரியர் அவசரமாக யாரோ மாதிரி அருவிப் பக்கம் நடந்தார். வஜ்ரதேகி ஜீப்பில் ஏறினார். ஜீப்பின் படி உயரம். உலகம்மைதான் ஒரு கையால் தூக்கிவிட வேண்டியிருந்தது. மறுநாள் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள்.

முப்பிடாதி அன்றைக்கே விரதத்தை முடித்தான். முட்டை, மீன், உளுந்தங்களி, நல்ல தூக்கம், தினமும் தோப்பில் கயிறு. ஒரு வாரத்தில் ஒன்றும் நடந்துவிடவில்லை. உடம்பு மெல்லத்தான் திரும்பியது. தேர்வு அன்று கை எரிய எரியக் கயிற்றின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கினான். கான்ஸ்டபிள் ஆனான்.

செய்தி பரவியதும் வீட்டு வாசலில் ஒரு கூட்டம் வந்து நின்றது. எல்லாம் பழைய ஆசிரம முகங்கள்தான்.

“என்ன பொடிப்பா சாப்பிட்ட?”

“முட்டையும் மீனும்தான் அண்ணாச்சி. அப்புறம் தெனமும் பயிற்சி.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரகசியத்தை மறைக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். அதில் ஒருவர் பின்வாசல் வழியாகப் போய், அங்கே வந்திருந்த உமாராணியைப் பிடித்தார்.

“எம்மா, நீ லேப்ல இருக்கவ. உனக்குத் தெரியாததா? நல்ல பொடியா ஒண்ணு பேரு மட்டும் சொல்லு. நீ சொன்னா நாங்க கண்ண மூடிக்கிட்டு வாங்குதோம்.”

உமாராணி அவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, மொதல்ல அந்தக் கண்ணத் தெறங்க” என்றாள்.