சுவரை ஒட்டி நிறுத்திய கார்

காரின் முன்பக்க இடது கதவு நசுங்கிவிட்டது. நான் நசுக்கவில்லை. சலூன் வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே முடி வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் கதவில் ஒரு பள்ளம். அதில் கைக்குழந்தையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம். இடித்தவன் போய்விட்டான்.

"யாருப்பா இடிச்சது?"

சலூன்காரர் சீப்போடு ஓடிவந்தார். "பாக்கலியே சார். நான் உங்க தலையைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"அதுல பாக்க என்ன இருக்கு?"

"அதான் சார், தேடிட்டிருந்தேன்."

என் கவலை கதவைப் பற்றி அல்ல. சாவியைப் பற்றி.

எங்களுக்கு ஒரே மகள். வெளியூரில் வேலை. போன மாதம் எங்கள் வீட்டு கேட் என் கார்மீது மோதியது. அதற்கு முன்பு ஒரு விளக்குக் கம்பம். மகள் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அப்பா, இன்னொரு கீறல் விழுந்துச்சு, காரை வித்துடுவேன். ஆட்டோல போங்க." சொன்னால் செய்வாள். கார் அவள் பெயரில்தான் இருக்கிறது. இன்சூரன்சும் அப்படியே.

இந்த வயதில் என் பேச்சைக் கேட்பது அந்தக் கார் ஒன்றுதான். இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போகும். வீட்டில் வேறு யாரையாவது அப்படித் திருப்பிப் பாருங்கள்.

எதிர் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டு வாசலிலேயே அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"க்ளெய்ம் போடலாமா?"

"தாராளமா. நோ க்ளெய்ம் போனஸ் போயிடும், அடுத்த வருஷம் பிரீமியம் கொஞ்சம் ஏறும். ஆனா இவ்ளோ பெரிய பள்ளத்துக்குப் போடறதுதான் லாபம்."

"மகளுக்குத் தெரியாம போட முடியுமா?"

"மெசேஜ் அவங்க போனுக்குத்தானே போகும்? போனா என்ன? வண்டி சும்மா நின்னுட்டிருந்தது, எம்மேல தப்பில்லேன்னு சொல்லுங்க."

"கம்பத்துக்கும் அதையேதான் சொன்னேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ கைக்காசைப் போட்டு ரிப்பேர் பண்ணுங்க."

"கைக்காசு என் கையில இல்லை. என் சம்சாரம் கையில இருக்கு."

"அப்போ ஆளை விடுங்க" என்று உள்ளே போய்விட்டார். நாற்பது வருடம் இன்சூரன்ஸ் விற்றவர். ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்.

க்ளெய்ம் போட்டால் மகளுக்குத் தெரியும். போடாவிட்டால் மனைவியிடம் காசு கேட்கவேண்டும். மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டும் வேண்டாம், மறைத்துவிடு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மெச்ச வேறு ஆளும் இல்லை.

வீட்டுக்கு வந்து காரின் இடது பக்கத்தைக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். இடையில் ஒரு பல்லி நுழையலாம். அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். என் மனைவி பையோடு வந்து நின்றாள்.

"என்னங்க, இப்படி ஒட்டி நிறுத்தினா நான் எப்படி ஏறுறது?"

"இந்தப் பக்கமா வந்து பின்னால உக்காரு."

"எதுக்கு?"

"கால் நீட்டிக்கலாம். உனக்குத்தான் முட்டி வலியாச்சே."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இத்தனை வருஷம் கழிச்சு என் முட்டி உங்க கண்ணுல பட்டுச்சாக்கும்" என்றாள். ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். ஜெயித்துவிட்டேன்.

மார்க்கெட்டில் ஒரு செடி வேலியை உரசிக்கொண்டு நிறுத்தினேன். "நான் இறங்கலை. நீங்களே போய் வெங்காயம் வாங்கிட்டு வாங்க. நல்லதாப் பாத்துப் பொறுக்குங்க, அவசரப்படாதீங்க" என்றாள். போனேன். கதவைப் பார்க்காமல் இருந்தால் போதும், வெங்காயம் என்ன, மூட்டையே சுமப்பேன்.

அதற்கு மறுநாள் வாக்கிங் போகும் தோழி ஒருத்தியை அழைத்து வந்தாள். "பின் சீட்டு காலியாத்தானே இருக்கு." அடுத்த நாள் இன்னொருத்தி. மூவரும் பின்னால் உட்கார்ந்து என் சமையலறை ஞானம் முதல் குறட்டை வரை அலசினார்கள். ஓட்டுகிறவனுக்குக் காது உண்டு என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. பல் டாக்டர், தையற்கடை, துணிக்கடை. போகிற இடமெல்லாம் ஒரு சுவரைத் தேடி அலைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் அக்காவும் வந்தாள். பெரிய உடம்பு. பின்னால் மூன்று பேர் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, நான் முன்னால உக்காந்துக்கிறேன். வண்டியைக் கொஞ்சம் சுவத்தை விட்டுத் தள்ளுங்க."

அவசரமாக என் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "வேண்டாம்க்கா. இந்தப் பக்கமாவே ஏறிடுங்க."

"இது உங்க சீட்டாச்சே?"

"தாண்டிப் போயிடலாம்."

பாவம், நம்பி ஏறினாள். பாதி வழியில் கியர் கம்பி அவளைப் பிடித்துக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. ஹாரன் தானாக அலறியது. தெரு முழுக்க வாசலுக்கு வந்தது. பின்னாலிருந்து மூவர் தள்ள, வெளியிலிருந்து நான் இழுக்க, ஒருவழியாக மீண்டாள். "உங்க வண்டிக்கு ஒரு கும்பிடு தம்பி" என்று நடந்தே போனாள்.

அன்றைக்குத் தோல்வியை ஒப்புக்கொண்டேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்தின் மறைவில் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன் செய்தேன். கார் நம்பரைச் சொன்னேன்.

"சார், இந்தக் கதவுக்கு ஏற்கெனவே க்ளெய்ம் போட்டாச்சே" என்றது ஒரு பெண்குரல். "சர்வேயர் வந்து சேதத்தைப் பாத்து, அப்ரூவலும் ஆயிடுச்சு. ஒர்க்‌ஷாப்ல விட வேண்டியதுதான் பாக்கி."

கதவைத் திறந்தேன். என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"பேசியாச்சா? குழாயை மூடுங்க. தண்ணி வீணாப் போகுது."

"உனக்கு எப்படி..."

"சலூன்காரர் அன்னிக்கே போன் பண்ணிட்டார். நீங்க கதவைத் தடவிக்கிட்டு நடு ரோட்டுல நின்னீங்களாம். சாரைத் திட்டாதீங்கம்மான்னார். நல்ல மனுஷன்."

"சர்வே எப்போ நடந்துச்சு?"

"நீங்க வெங்காயம் பொறுக்கினப்போ. சர்வேயர் நல்லவேளை ஒல்லி. செடிக்குள்ள நுழைஞ்சு படம் எடுத்துட்டார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன். அதுக்குள்ள பின் சீட்டு பழகிடுச்சு."

"பொண்ணு? காரை விக்கப்போறாளா?"

"சலூன்காரரையே அவகிட்டப் பேச வெச்சேன். உங்க தப்பில்லேன்னு நம்பிட்டா. விக்கலையாம்."

மனம் லேசானது. அவளைக் கையெடுத்துக் கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"ஆனா ஒண்ணு சொல்லியிருக்கா. அம்மா பின்னால உக்காந்திருந்தாத்தான் அப்பா ஓட்டணுமாம். அம்மா கூப்பிடற இடத்துக்குத்தான் போகணுமாம்."

"இதை அவ சொன்னாளா, நீ சொன்னியா?"

"ரெண்டு பேரும் பேசித்தான் சொன்னோம்."

ஒரு வாரத்தில் கதவு தயார் என்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து அழைத்தார்கள். போனோம். பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துக்கொண்டு மிடுக்காக முன்னே போனேன். மெக்கானிக் என்னைத் தாண்டிப் போய் என் மனைவியிடம் சாவியை நீட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எல்லாம் மேடமே பேசி முடிச்சிட்டாங்க. நீங்க வண்டியை எடுத்து நிழல்ல விடுங்க டிரைவர்."