காலுக்குச் சேதி சொல்லாத நெஞ்சு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் தங்கள் மகளும் சுகம். நமது ஓட்டுநர் பள்ளியின் பயிற்சிக் கார்கள் இரண்டில் ஒன்று சுகம். மற்றதைப் பற்றிக் கீழே வருகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் முழங்கால் நன்றாக மடங்கி நீள்கிறது என்று பெரிய மச்சான் போனில் சொன்னார், மிக்க சந்தோஷம். அதை நீட்டி வைத்து, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு இந்தக் கடிதத்தைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நின்றபடி படிக்க வேண்டாம்.

சுற்றி வளைக்காமல் கோரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமையிலிருந்து என்னை மறுபடி காரில் உட்கார வைக்க வேண்டும். மாஸ்டர் இருக்கையில், காலடியில் இரண்டாவது பிரேக்குடன், பழையபடி. பத்தொன்பது வருஷத்தில் என் உருவத்துக்கே குழிந்துபோன இருக்கை அது. தாங்கள் என்னை அதிலிருந்து இறக்கி வகுப்பறையில் சாலை விதி நடத்தப் போட்டதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். தங்களிடம் உண்மையைச் சொன்னால் என்ன, வருத்தம்தான். ஆனால் தப்பு என் மேல். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மாணவர், எதிரே வந்த லாரியைச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் அதை நோக்கியே வண்டியைத் திருப்பினாரே, அன்றைக்குப் பிடித்தது எனக்கு நெஞ்சுப் படபடப்பு. அதற்கென்று இரண்டே வாரத்துக்கு எழுதிக் கொடுத்த பதற்ற மாத்திரையை நான் ஆறு வருஷம் விழுங்கினேன். படபடப்பு போயிற்று, கூடவே பாதி விழிப்பும் போயிற்று. நான் சொக்கிப்போய்க் கிடக்க, எந்தப் பக்கம் திரும்புவது என்று கேட்டுக் கேட்டு ஒரு கல்லூரிப் பெண் ரவுண்டானாவை ஒன்பது தடவை சுற்றினாள். ஒன்பதாவது சுற்றின்போது தாங்கள் நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

மாத்திரையை விடுவது என்று டாக்டரம்மாவிடம் போனேன். நாளைக்கே நிறுத்திவிடுகிறேன் என்று வீரமாகச் சொன்னதற்கு அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சட்டுனு நிறுத்தினா வலிப்பு வந்து விழுவீங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். மாசக்கணக்குல ஆகும். முடியற வரைக்கும் வண்டிய ஓட்டக் கூடாது." அப்படியே குறைக்க ஆரம்பித்தோம். மூன்றாவது குறைப்பில் கை ஆட ஆரம்பித்தது பாருங்கள் மாமா, சாதாரண ஆட்டமில்லை. கரும்பலகையில் நேர்சாலை என்று ஒரு கோடு போட்டேன், வகுப்பு முழுக்க அதைத் 'தொடர் வளைவுகள், மெதுவாகச் செல்க' என்று நோட்டில் எழுதிக்கொண்டது. தங்கள் மகள் கொடுக்கும் டீ மேசைக்கு வந்து சேரும்போது முக்கால்வாசி சாஸரில் இருந்தது. நெஞ்சு வேறு, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி சும்மா இருக்கும்போதே அடித்துக்கொண்டது. மறுபடி ஓடினேன். ஆஸ்துமா உண்டா, தலைசுற்றல் உண்டா என்று குடைந்து குடைந்து கேட்டு, நாடி பிடித்து, ரத்த அழுத்தம் பார்த்து, கடைசியில் பீட்டா பிளாக்கர் என்று ஒரு பொடி மாத்திரையைச் சேர்த்து எழுதினார். "இது நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்கும். அவ்வளவுதான். உள்ள இருக்கற பயத்த இது தொடாது. இத நம்பிப் பழைய மாத்திரைய வேகமா குறைச்சிடாதீங்க. இதையும் நீங்களா நிறுத்திடாதீங்க." நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். மனசில் நின்றது முதல் வாக்கியம் மட்டும்தான்.

மாமா, இரண்டே நாள். கரும்பலகையின் இந்த ஓரத்தில் ஆரம்பித்த கோடு அந்த ஓரம்வரை போய், நிறுத்த மனசு வராமல் சுவரிலும் இரண்டடி போயிற்று. அவ்வளவு நேர். வகுப்பே கைதட்டியது. வீட்டுக்கு வந்து தளும்பத் தளும்ப டீயை எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வாசல்வரை நடந்து, திரும்பி அடுப்படிக்கே வந்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. தங்கள் மகளுக்கோ சந்தேகம் வந்துவிட்டது. "இத்தன வருஷமா சாஸர் ஆடற சத்தத்த வச்சுத்தான் உங்க மனசுல என்ன ஓடுதுன்னு கண்டுபிடிச்சேன். இப்ப சத்தமே இல்ல. எதயோ மறைக்கறீங்க" என்று என் சட்டைப் பைகளைக் கவிழ்த்தாள். மூன்று சுண்ணக்கட்டி கிடைத்தது. எனக்கானால் தலைகால் புரியவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து எந்நேரமும் நாடி எண்ணிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தால் அறுபத்திரண்டு. தங்கள் மகளைப் பின்னால் நின்று காகிதப் பையை ஊதி உடைக்கச் சொன்னேன், அறுபத்திரண்டு. தாங்கள் எனக்கு எழுதிய பழைய கடிதங்களை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். அதற்கும் அறுபத்திரண்டுதான். பயம் விட்டுப்போயிற்று, நான் குணமாகிவிட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

இனிமேல்தான் அந்த இன்னொரு கார். கணக்கு டீச்சரைத் தங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஓட்டுநர் தேர்வில் ஐந்து தடவை ஃபெயிலானவர். ஆறாவது தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, இப்போது என் இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் சின்ன மச்சானுக்குப் பல்வலி, தாடையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டான். டீச்சர் வந்து கலங்கிய கண்ணோடு நிற்கிறார். வண்டியை ஓட்டக் கூடாது என்றுதானே டாக்டரம்மா சொன்னார், பக்கத்தில் உட்காருவது ஓட்டுவதாகுமா, அதுவும் நம்முடைய பயிற்சி மைதானத்தில், மனுஷன் நடக்கிற வேகத்தில். இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடி ஏறி உட்கார்ந்தேன். ஆஹா, அந்த இருக்கை. இரண்டு சுற்று வந்தோம். மூன்றாவது சுற்றில் டீச்சர் திருப்பத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப மறந்தார். எதிரே டயர் அடுக்கு. கண் பார்க்கிறது. வாய், "முன்னாடி டயர் இருக்கு டீச்சர்" என்று செய்தி வாசிக்கிற மாதிரி சொல்கிறது. கை மடியில் அசையாமல் இருக்கிறது. கால் மட்டும் வரவில்லை மாமா. நான் என் காலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். டயர் சரிந்தது, தண்ணீர் டிரம் உருண்டது, அதற்குப் பின்னால் 'நிதானமே நமது நிழல்' என்று தங்கள் படம் போட்டு நிற்கும் பலகை வந்தது, அப்போதும் கால் வரவில்லை. பலகையில் மோதித்தான் கார் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. காரின் முன்விளக்கு ஒன்று போயிற்று. பலகை இடுப்பில் மடிந்ததால் தாங்கள் இப்போது வருவோர் போவோரையெல்லாம் குனிந்து வரவேற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

இறங்கி நின்று யோசித்தபோதுதான் விஷயம் விளங்கியது. பத்தொன்பது வருஷமாக நான் கண்ணால் பார்த்துப் பிரேக் போடவே இல்லை. நெஞ்சு திக்கென்று அடிக்கும், அந்தத் திக்கைக் கேட்டுத்தான் கால் பாயும். மாத்திரையில் பாதி தூங்கியபோதுகூட அந்தத் திக் மிச்சம் இருந்தது. இப்போது நெஞ்சு காலுக்குச் சேதி சொல்வதில்லை. இதை டீச்சரிடம் விளக்கினால், அவர் உடைந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே, "அப்ப கடைசில வண்டிய நிறுத்தினது யாருன்னு நினைக்கறீங்க?" என்றார். பலகைதான் என்றேன். "இல்ல சார், நான். என் கால் பிரேக்லதான் இருந்தது. கொஞ்சம் லேட். ஒரு வருஷமா உங்ககிட்ட கத்துக்கிட்டேன், ஒரு நாளாவது என்ன பிரேக் போட விட்டிருக்கீங்களா? நான் நினைக்கறதுக்குள்ள நீங்க போட்டுடுவீங்க. உங்க மச்சானும் உங்க சிஷ்யன்தானே, அதே கதைதான். தேர்வுல பக்கத்துல இருக்கறவர் போட மாட்டேங்கறார், நான் ஃபெயில்." மாணவர்கள் எனக்குப் 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர் வைத்ததைப் பாராட்டு என்றல்லவா இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். டீச்சர் விடவில்லை, இன்னொரு சுற்று போகலாம் என்றார். போனோம். சரிந்த டயருக்கு ஒரு முழம் முன்னால், தானாகவே, வெண்ணெய் மாதிரி நிறுத்தினார். அதற்குப் பிறகு பதினோரு சுற்று. நான் ஒரு தடவைகூடக் குறுக்கே விழவில்லை.

ஆக மாமா, இதை யோசித்துப் பாருங்கள். பயமே இல்லாத மாஸ்டர், தானே பிரேக் போடக் கற்கும் மாணவர்கள். நமது பள்ளியே தலையெடுத்துவிடும். இன்று காலை பத்து மணிக்கு டீச்சருக்குத் தேர்வு, எழுதும்போதே கை துறுதுறுக்கிறது, அதாவது ஆசையில், நடுக்கத்தில் இல்லை. டாக்டரம்மாவிடம் இதெல்லாம் இன்னும் சொல்லவில்லை. பழைய மாத்திரையில் இன்னும் பாதி அளவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அது ஒரு சின்ன விஷயம். தாங்கள் திங்கட்கிழமை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், இருக்கையை நானே துடைத்து வைத்துக்கொள்கிறேன்.

அத்தையின் பாதங்களுக்கும் தங்களின் இரண்டு முழங்கால்களுக்கும் என் பணிவான வணக்கம். பெரிய மச்சான் பிள்ளைகள் எந்த வண்டியில் ஏறினாலும் பெல்ட் போட்டு, நூறு வயது வாழ என் ஆசிகள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கணக்கு டீச்சர் மகனுடைய காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பாஸ். மாஸ்டர்தான் முதல் சவாரி என்று பிடிவாதம் பிடித்து என்னை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றினார். பஸ், சைக்கிள், பள்ளி விடும் கூட்டம், எல்லாவற்றிலும் ஒரு குறை சொல்ல முடியாது, அப்படி ஓட்டினார். நானும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் வந்தேன். நாடி பார்த்தேன், அறுபத்து நான்கு. வீட்டு வாசலில் இறங்கிக் கதவைச் சாத்தப் போனால் கை காலியாக இல்லை. தங்கள் மகள், "என்னங்க அது கையில?" என்றாள். கதவுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்குமே, அது, இரண்டு ஸ்குருவோடு. எந்தத் தெருவில் பிடுங்கினேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தங்கள் மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அதை வாங்கி வைத்துவிட்டு, "இவ்வளவு பயமாவா இருக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். ஆறு வருஷத்தில் அவளிடம் நான் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. நாளைக் காலையில் இரண்டு பேருமாக டாக்டரம்மாவிடம் போய் மைதானத்துக் கதையையும் சேர்த்துச் சொல்லப் போகிறோம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், மாமா. எனக்குப் பயமாக இருக்கிறது.