முதல் உடோன் யார் கையால்?

தன் மகன் ரிகுவின் வாய்க்குள் முதல் உடோன் போகுமானால் அது தன் கையால்தான் போக வேண்டும் என்று நவோகி சபதம் எடுத்தான். தீவு ஊரான தகமாட்சுவில் பிறந்தவன் எடுக்கக்கூடிய சபதம்தான். அந்த ஊர்க்காரர்கள் காலையில் பல் தேய்க்க மறந்தாலும் மறப்பார்கள், உடோன் கடை வாசலில் வரிசை கட்டி நிற்க மறக்க மாட்டார்கள். தடித்த வெள்ளைக் கோதுமை இழை, சூடான சாறு, மேலே நறுக்கிய வெங்காயத்தாள். நவோகியைப் பிழிந்தால் ரத்தத்துக்கு முன்னால் அந்தச் சாறுதான் வரும்.

சபதத்துக்குக் காரணம் வயிற்றெரிச்சல். ரிகுவுக்கு ஏழு மாதம் ஆகப்போகிறது. கஞ்சி குடித்துவிட்டான், பூசணி தின்றுவிட்டான், டோஃபு என்ற சோயாக்கட்டி, வெள்ளை மீன் எல்லாம் ருசி பார்த்துவிட்டான். ஒவ்வொன்றும் நவோகி ஆபீசில் இருந்தபோது நடந்தது. அவனுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் போட்டோ. மூக்கில் பூசணி ஒட்டிய போட்டோ, டோஃபுவைத் துப்பிய போட்டோ. பெற்ற தகப்பன், மகன் சாப்பிடுவதை யார் வீட்டுக் கல்யாணத்தையோ பார்ப்பதுபோல் செல்போனில் பார்க்க வேண்டுமா? அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உடோனையாவது ஞாயித்துக்கிழமை கொடுக்கலாம்ல? நான் வீட்ல சும்மாதானே இருக்கேன்" என்றான் மனைவி அயானோவிடம்.

"அதான் தெரியுமே."

"நான் சும்மா இருக்கேன்னு சொன்னா, நீ அதுக்குத் தலையாட்டணும்னு இல்ல."

"புதுசா எதையும் ஞாயித்துக்கிழமை கொடுக்கக்கூடாதுங்க. வார நாள்ல, காலை நேரத்துல, ஒரே ஒரு ஸ்பூன். உடம்பு தடிச்சாலோ வாந்தி எடுத்தாலோ உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும். ஞாயித்துக்கிழமை அவர் மீன் பிடிக்கப் போயிருப்பார்."

"அப்ப ஞாயித்துக்கிழமை என் பிள்ளை என்னதான் சாப்பிடுவான்?"

"ஏற்கெனவே சாப்பிட்டு, ஒத்துக்கிட்டதை."

"அதாவது புதுசெல்லாம் உனக்கு, பழசெல்லாம் எனக்கு."

"லீவு போடுங்களேன். யார் வேண்டாம்னா?"

லீவுப் பேச்சு வந்தால் நவோகி வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான். ரிகு பிறந்தபோதே அயானோ கேட்டாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அப்பாக்களுக்கும் லீவு உண்டே, எடுங்களேன் என்று. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருப்பவன் நவோகி. அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் ஒரு நாள் இல்லேன்னா இந்தத் தீவுல ஒரு பெட்டி நகராது" என்று சொல்லிவிட்டான். சொன்ன வார்த்தையை இப்போது யார் விழுங்குவது? உடோனை விழுங்கச் சொன்னால் விழுங்குவான்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று அன்று மாலையே அவன் காதில் விழுந்தது. உடோனை எப்படிக் கொடுப்பதாக உத்தேசம் என்று கேட்டுவைத்தான்.

"குழையக் குழைய வேகவெச்சு, தண்ணில அலசி உப்பை எடுத்துட்டு, மசிச்சுக் கொடுக்கணும்" என்றாள் அயானோ. அவள் கடலுக்கு அந்தப் பக்கம், ஒகயாமாவில் பிறந்தவள். உடோனைப் பற்றி இப்படிப் பேச அங்கே பிறந்திருந்தால்தான் முடியும்.

"மசிக்கிறதா? உடோனையா? எங்க ஊர்ல உடோனை மெல்லக்கூட மாட்டோம், தெரியுமா? அது பல்லுக்கு இல்ல, தொண்டைக்கு. அப்படியே வழுக்கிக்கிட்டு இறங்கணும்."

"உங்க பிள்ளைக்குப் பல்லு ரெண்டு. தொண்டை உங்க சுண்டு விரல் அகலம். வழுக்கிக்கிட்டுப் போற இழை எங்கே போய் அடைக்கும்னு யோசிச்சீங்களா?"

"எங்க பரம்பரையே அப்படித்தான் சாப்பிட்டிருக்கு."

"உங்க பரம்பரைக்குப் பல்லு முளைச்சிருந்துச்சு."

"சரி, மசிக்க வேண்டாம். ஒரு இழையை அவன் கையில கொடு. அவனே புடிச்சுச் சாப்பிடட்டும்."

"கையில புடிச்சுச் சாப்பிட இன்னும் ரெண்டு மாசம் போகணும். அப்பவும் விரலால அழுத்தினா நசுங்குற மாதிரி வேகவெச்ச கேரட்டு, வாழைப்பழம். கயிறு மாதிரி ஒரு முழம் உடோன் இல்ல."

கயிறு என்றாளே, அதை நவோகியால் தாங்க முடியவில்லை. கட்டின மனைவியே அவன் பிறந்த ஊரைக் கயிறு என்கிறாள். அன்றே ஒரு திட்டம் போட்டான்.

திட்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமையில் எல்லா டாக்டரும் மீன் பிடிக்கப் போவதில்லை. ஊரில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஆஸ்பத்திரி முறைவைத்துத் திறந்திருக்கும். அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து உடோன் கொடுத்தால்? டாக்டர் பக்கத்தில், பிள்ளை பத்திரம், சட்டம் பேச அயானோவுக்கு ஒரு வார்த்தை கிடையாது. இவ்வளவு மூளையை அட்டைப்பெட்டிக்குச் செலவு செய்கிறோமே என்று நவோகிக்குத் தன் மீதே இரக்கம் வந்தது.

அடுத்த ஞாயிறு அயானோ முடி வெட்டிக்கொள்ளப் போனாள். நவோகி ரிகுவைத் தள்ளுவண்டியில் சாய்த்துப் படுக்கவைத்தான். வழியில் தன் அபிமானக் கடையில் உடோன் வாங்கிச் சூடு ஆறாத டப்பாவில் போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு நீள இழையைக் குச்சிகளால் தூக்கினான். ரிகு கையையும் காலையும் உதைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

கதவும் திறந்தது. தோள் அகன்ற ஒரு நர்ஸ் அம்மாள் வெளியே வந்தாள்.

"பிள்ளைக்கு என்ன பண்ணுது?"

"இன்னும் ஒண்ணும் பண்ணல" என்றான் நவோகி.

"பின்னே எதுக்கு வந்தீங்க?"

"ஏதாவது பண்ணினா பக்கத்துல இருக்கலாமேன்னு."

நர்ஸ் குச்சியில் தொங்கிய இழையைப் பார்த்தாள். பிறகு அதன் நுனியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினாள். நல்ல தகமாட்சு உடோன். நசுங்கவில்லை, எகிறியது.

"இந்த அழுத்துக்கு நசுங்கணும் சார். நசுங்கலேன்னா ரெண்டே பல்லு இருக்கிற பிள்ளை இதை என்ன பண்ணும்? பிள்ளையை வேற பாதி படுக்கவெச்சிருக்கீங்க. நிமிர்ந்து உக்காராம விழுங்கினா நேரா மூச்சுக்குழாய்க்குப் போகும். உள்ளே காய்ச்சல்ல இருக்கிற பிள்ளைங்க வரிசையா உக்காந்திருக்கு, உங்களுக்கு வாசல்ல விருந்தா?"

"நான் இந்த ஊர்க்காரன்ம்மா" என்றான் நவோகி, அதுவே ஒரு நியாயம்போல.

"நானும்தான். இது நல்ல உடோன். வீணாக்காதீங்க. நீங்களே சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."

கையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றாள். நவோகி சாப்பிட்டான். ஒவ்வொரு இழை உள்ளே போனபோதும் ரிகு எச்சில் ஒழுக அவன் வாயையே பார்த்தான். இப்படி ஒரு துரோகத்தை எந்தத் தகப்பனும் மகனுக்குச் செய்திருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்தபோது அயானோ புதுத் தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உடோன் எப்படி இருந்துச்சு?"

"என்ன உடோன்?"

"உங்க காலர்ல வெங்காயத்தாள்."

மறைத்துப் பயனில்லை என்றதும் நவோகி வெடித்தான். "ஆமா, போனேன். என் பிள்ளைக்கு நான் ஒரு வாய் ஊட்ட ஆஸ்பத்திரி வாசல்ல போய்ப் பிச்சைக்காரன் மாதிரி உக்கார வேண்டியிருக்கு. யாரோ ஒரு நர்ஸ் அம்மா என்னை உக்காரவெச்சுத் திட்றா. போதும். வார நாள்லதானே கொடுக்கணும்? ஒரு நாள் லீவு போடறேன்."

"ஒரு நாள் எப்படிங்க போதும்? இன்னைக்கு ஒரு ஸ்பூன், ஒண்ணும் ஆகலேன்னா நாளைக்குக் கொஞ்சம் கூட. உடோன் ஒத்துக்கிட்டாத்தான் அடுத்தது. முட்டை மஞ்சள் கரு இருக்கு, அதைத் துளித் துளியா ஆரம்பிக்கணும். நீங்க ஒரு நாள் வந்து ஸ்பூனை நீட்டிட்டு ஓடிட்டா, மிச்சமெல்லாம் பழையபடி போட்டோதான்."

போட்டோ என்ற வார்த்தை சரியான இடத்தில் போய்க் குத்தியது.

"ஒரு மாசம் போடறேன்."

"வேண்டாங்க. பெட்டியெல்லாம் நகராமப் போயிடும்."

"நகராட்டிப் போகுது."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. அடுத்த மாசம் முழுக்க என் பிள்ளை என் கையாலதான் சாப்பிடுவான். நீ குறுக்கே வரக்கூடாது."

அயானோ வருத்தத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். நவோகிக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மறுநாள் ஆபீசில் மேலாளர் ஓகுபோவின் முன்னால் போய் நின்றான். மேலாளர் கெஞ்சுவார், பாதி மாதமாவது வந்துவிட்டுப் போ என்பார், அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தான்.

"அப்பாடா" என்றார் ஓகுபோ. "உங்க பிரிவுல ஒரு ஆம்பளைகூட இந்த லீவு எடுக்கலையேன்னு மேலே இருக்கிறவங்க என் உயிரை எடுக்கிறாங்க. நல்ல காலம், நீயாவது கேட்டியே. தாராளமா எடுத்துக்க."

"ஆனா சார், பெட்டி..."

"பெட்டி லாரில போகுதுப்பா. நீயா தலைல சுமக்கிறே?"

இது ஒரு அவமானம்தான். ஆனால் உடோனுக்காக அதையும் பொறுத்துக்கொண்டான்.

லீவின் முதல் நாள் காலை வந்தது. நவோகி விடிந்ததும் எழுந்து, ஊர்த் தெய்வங்களிடமெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உடோனைக் குழையக் குழைய வேகவைத்தான். அலசினான். கண்ணை மூடிக்கொண்டு மசித்தான். விரலால் அழுத்திப் பார்த்தான், நசுங்கியது. ரிகுவை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கால் பலகையில் பாதம் படுகிறதா என்று பார்த்து, கழுத்தில் துணியும் கட்டினான். மணி ஒன்பதுக்கு டாக்டர் கதவைத் திறப்பார். அதுவரை ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க அவன் தயார்.

"அயானோ, வந்து பாரு. குறுக்கே வராம, தள்ளி நின்னு பாரு."

அயானோ வந்தாள். வேலைக்குப் போகும் கோட்டு, தோளில் பை, உதட்டில் சாயம்.

"எங்கே கிளம்பிட்டே?"

"மூக்குக்கண்ணாடிக் கடைக்கு. பிரசவ லீவு முடிஞ்சு இன்னைலேர்ந்து திரும்ப வேலைங்க."

"இன்னைலேர்ந்தா? பகல்நேரக் காப்பகத்துல ரிகுவுக்கு இடம் அடுத்த மாசம்தானே கிடைக்குது?"

"ஆமா. நடுவுல இந்த ஒரு மாசம் யாரு பார்த்துக்குவாங்கன்னுதான் தவியாத் தவிச்சேன். நேரா கேட்டா நீங்க பெட்டி நகராதும்பீங்க."

நவோகி ஸ்பூனைக் கீழே வைத்தான். "அப்ப அந்த வார நாள், ஒரு ஸ்பூன், அதெல்லாம்?"

"அது டாக்டர் சொன்னதுதான். உடோனைப் போன மாசமே கொடுக்கலாம்னும் சொன்னார். கொஞ்சம் தள்ளினா பரவாயில்லையான்னு கேட்டேன், பரவாயில்லைன்னார். ரொட்டிகூடக் கொடுக்காம, முதல் கோதுமை உங்க கைக்குன்னு எடுத்துவெச்சேன்."

"எனக்காகவா?"

"வேற எதை எடுத்துவெச்சிருந்தாலும் நீங்க லீவு போட்டிருக்க மாட்டீங்களே."

ரிகு மேசையைத் தட்டினான். அயானோ குனிந்து அவன் உச்சியில் முத்தமிட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டாள், கதவைத் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு ஸ்பூன்தாங்க. ஊட்டினதும் மறக்காம எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க."