சிலுப்பாத கிடாவும் பஞ்சாயத்து எலெக்‌ஷனும்

குரும்பலூர்,
விய வருஷம், ஐப்பசி 12

ஆண்டிமடம் மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் செல்லக்கண்ணு அவர்கள் சமுகத்துக்கு, அரங்கநாதன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கை ரெங்கம்மாளும் குழந்தையும் சுகம். அங்கே தங்கள் சுகமும் முந்திரித் தோப்பின் சுகமும் அறிய ஆவல். ரெங்கம்மாள் நாலு நாளாக என்னோடு பேசாததால், அவள் சுகம் என்பது நானாக ஊகித்து எழுதியது.

வருகிற ஞாயிறு தங்கள் மருமகனுக்குக் காதுகுத்து, கருப்புசாமிக்கு நேர்ந்த கிடாவை வெட்டி விருந்து என்று எழுதியிருந்தேன். தாங்களும் நாற்பது பேரோடு வருவதாகப் பதில் போட்டீர்கள். அந்தக் கிடா விஷயம்தான். அதற்கடுத்த புதன்கிழமை இங்கே பஞ்சாயத்து போர்டு எலெக்‌ஷன். நான் நிற்கிறேன். எதிரே நிற்பவன் மாட்டுப் பவுண்டுக் குத்தகைக்காரன் அழகேசன். கிணறு தூர் வாருவது, தெரு விளக்கு, ரோட்டுக்கு மண் எல்லாவற்றையும் அவனே முந்திப் பேசித் தீர்த்துவிட்டான். எனக்குப் பேச ஒரு மண்ணும் மிச்சமில்லாமல் ஜீவகாருண்யத்தைப் பிடித்துக்கொண்டேன். தார்க்குச்சியில் ஆணி கூடாது, நோஞ்சான் மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது, பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைத்துவிட்டு வைக்கோலும் தண்ணீரும் காட்டாதவன் மனுஷனா என்று கேட்டேன். பவுண்டுக்கு மாடாகப் போனதை எலும்பாக மீட்டு வந்தவர்கள்தான் கூட்டத்தில் பாதிப் பேர். அப்படி ஒரு கைத்தட்டல்! அதோடு உட்கார்ந்திருக்கலாம். அழகேசன் பின்னாலிருந்து எழுந்து, "மாட்டுக்கு அழுவுறீங்களே, ஒங்க வூட்டுக் கிடா மட்டும் என்னங்க, கத்திரிக்காயா?" என்றான். எனக்குத் தலைகால் புரியாத நேரம். "அதையும் வெட்ட மாட்டேன்யா!" என்று கத்திவிட்டேன். ரெங்கம்மாள் கூட்டத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "சாமிக்கு நேந்ததை எலெக்‌ஷனுக்கு வுட்டுக்குடுக்க நீங்க யாரு? எங்கண்ணன் அம்மாந்தூரத்துலேருந்து வந்து ரசஞ்சோறு திங்கணுமா?" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. விஷயம் தெருவுக்கு வந்து, அழகேசன் ஆட்கள் ஒரு பக்கமும் என் ஆட்கள் ஒரு பக்கமுமாக மல்லுக்கட்டியதில், பூசாரி வேம்பு, "சாமியையே கேட்டுடுவோம்டா" என்று முடித்தார். தண்ணீர் ஊற்றிக் கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம், சிலுப்பாவிட்டால் அரிவாளைக் கீழே வைக்க வேண்டியதுதான். தாங்கள் அறியாத வழக்கமா?

மைத்துனர் அவர்களே, இதைத் தங்களிடம் மட்டும் சொல்கிறேன். சொம்பை எடுத்துப் போனவன் நான். அதில் இருந்தது வெந்நீர். பச்சைத் தண்ணீர் காதில் பட்டால் எந்தக் கிடாவும் சிலுப்பிவிடும். இளஞ்சூட்டில் ஊற்றினால் நானே நின்றபடி தூங்கிப்போவேன். மூன்று சொம்பு ஊற்றியும் கிடா கண்ணை மூடிக்கொண்டு சொகுசாக நின்றது. "கருப்பே ஜீவகாருண்யத்துக்கு ஓட்டுப் போட்டுடுச்சு!" என்று என் ஆட்கள் என்னைத் தூக்கிக்கொண்டார்கள். தூக்கினவர்கள் கீழே இறக்குவதற்குள் வேம்பு கையைக் காட்டினார். "சாமி வேணாங்கலைய்யா. இதுல என்னமோ குத்தமிருக்கு. தாய்மாமன் இல்லாம தண்ணி ஊத்துனா கிடா எப்படிச் சிலுப்பும்? ஞாயித்துக்கெழமை மாமன் வந்து ஊத்தட்டும்" என்றார். அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள்.

ஆகவே மச்சான், என் மானமும் கிடாவின் கழுத்தும் இப்போது உங்க கையில. நான் கொடுக்கிற சொம்பை அப்படியே வாங்கி ஊத்துங்க. சுடுதுன்னு கையை மட்டும் உதறிடாதீங்க. ஓட்டுக்காக மட்டும் கெஞ்சுகிறேன் என்று நினைக்கவேண்டாம். மேடையில் பேசப்போவதைத் தினமும் அந்தக் கிடா முன்னால்தான் பேசிப் பழகினேன். கடைசிவரை எழுந்து போகாமல் கேட்டது இந்த ஊரில் அது ஒன்றுதான். இப்போது நான் குரல் கொடுத்தால் ஓடி வந்து தோளில் மூக்கைத் தேய்க்கிறது. அதை வெட்டிப் போட்டால் எனக்குச் சோறு இறங்காது மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன். தங்கள் வீட்டில் நான் இதுவரை தின்ற கறியை மட்டும் தயவுசெய்து ஞாபகப்படுத்தாதீர்கள். விருந்துக்குச் சேனைக்கிழங்கைக் கறி மாதிரியே மிளகு போட்டு வறுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ரேஷன் காலத்தில் அதுவே பெரிய காரியம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும் சிறியவர்களுக்கு ஆசீர்வாதமும் சொல்லவும். கருப்பு எல்லோரையும் காக்கட்டும், கிடாவையும் சேர்த்து.

இப்படிக்கு,
அரங்கநாதன்

பி.கு.: மழையில் தபால் போகாமல் இக்கடிதம் ஒரு நாள் தங்கியதில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அதே மழையில் நனைந்த கிடா, நடுத்தெருவில் நின்று கொம்பிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. வேம்பும் பார்த்துவிட்டார். "சாமியே மேலேருந்து தண்ணி ஊத்திடுச்சு, இனிமே மாமன் எதுக்கு?" என்று ரெங்கம்மாள் அரிவாளைத் தீட்டச் சொல்லிவிட்டாள். வேறு வழி தெரியாமல் கிடாவை அழகேசனின் கீரைப்பாத்திக்குள் நானே விரட்டிவிட்டேன். அவன் பிடித்துப் பவுண்டில் அடைத்துவிட்டான். அங்கே அடைத்ததைச் சொந்தக்காரன் போய் மீட்காமல் யாரும் தொட முடியாது. நான் போகப் போவதில்லை. ஊரே எட்டிப் பார்ப்பதால் அழகேசன் தன் கையாலேயே அகத்திக்கீரை ஊட்டுகிறான், வேளைக்குத் தண்ணீர் வைக்கிறான். ரெங்கம்மாள் நேரில் போய் அதட்டியும், "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லீங்க" என்று தர மறுத்துவிட்டானாம். வெளியே சொல்லாதீர்கள் மச்சான், என் ஓட்டு அவனுக்குத்தான்.