தண்ணீர் மீட்டர் துயிலெழுப்பிய படலம்

வாழ்க எங்கள் மீட்டர்க்காரர்! ஸ்குரூடிரைவரை உடைவாளாகவும் சட்டைப்பைக் காந்தத்தை மந்திரக்கோலாகவும் ஏந்தி, குழிதோறும் இறங்கி, சிம் கார்டு பூண்ட தண்ணீர் மீட்டர்களைப் பேசவைக்கும் இடுப்புவலி வேந்தர் வாழ்க! அவர் புகழை முழங்குவீர், அடுக்குமாடிக் குழாய்களே!

அன்று மாலை எஞ்சியது ஒரே குழி. அன்றிரவு பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கவிருந்த அவர் மகளோ காலையிலேயே ஆணை பிறப்பித்திருந்தாள்: "அப்பா, நீங்க முன்வரிசையில இருந்தாதான் நான் அசையாம நிப்பேன். இல்லாட்டி மேடையிலேயே உக்காந்துடுவேன்!"

அக்குழியில் கிடந்த மீட்டர்ப் பகைவனோ எளியவன் அல்லன். ஒரே பேட்டரியில் பத்தாண்டு வாழ வரம் பெற்று, அவ்வரத்தைக் காக்க ஓயாது உறங்கி, நாளுக்கொருமுறை கண்விழித்து, ஓடிய தண்ணீரின் அளவைச் செல்போன் கோபுரத்திடம் முணுமுணுத்துவிட்டு மீண்டும் குறட்டையில் ஆழும் மகா சோம்பேறி. "பாதாளத்தையும் எட்டும் எங்கள் அலை" என்று சிம் கம்பெனியின் விளம்பரம் முரசறைந்தது. அலைக்கோபுரமும் எதிர்மாடியில் மதயானைபோல் நின்றது.

வீரர் இரும்பு மூடியை மலையெனப் பெயர்த்தார். மண்டியிட்டுக் காந்தத்தைக் காட்டினார். மீட்டர் விழித்தது, அலுவலகத் திரையில் பச்சை பூத்தது. ஆனால் மூடிய பின்னும் ஒருமுறை பேசினால்தான் வேலை முடிந்ததாக ஏற்பார்கள். மறுபடி காந்தத்தைக் காட்டிவிட்டு மூடினார். போனில் அலுவலக அம்மையார் முழங்கினார்: "சார், இங்க ஒண்ணும் வரலையே!"

திறந்தார், பேசியது. மூடினார், ஊமையானது. சிம்மைக் கழற்றி ஊதினார், ஆன்டெனாவைக் கைக்குட்டையால் துடைத்தார், சூரியன் சாய, மகளின் மரம் மனக்கண்ணில் சாய, சினம் தலைக்கேறிக் கோபுரத்தையே சபித்தார்: "உன் வம்சத்துக்கே சிக்னல் கிடைக்காம போக!"

வேனுக்குள் காலை நீட்டிக் கிடந்த சாரதி, அவர் மனைவியின் தம்பி, தலையை மட்டும் நீட்டினான்.

"மாமா, இரும்பைக் கவுத்து அது வாயை அடைச்சுட்டு, பேசு பேசுன்னா எப்படிப் பேசும்?"

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன மாப்ள?"

"நீங்க வேலையா இருக்கும்போது குறுக்க பேசாதன்னு அக்கா சொல்லிருக்கு!"

எழுந்தார் ஏந்தல். இடக்கால் செருப்பைக் கழற்றினார். வேலெறியும் வேகத்தில் மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே அதைச் செருகிக் காந்தம் காட்டிய கையை வெளியே இழுத்து மூடியை அதன்மேல் சாய்க்க, அந்த விரற்கடைச் சந்தின் வழியே, அணையுடைத்த வெள்ளமென, கோட்டை பிளந்த குதிரைப்படையென, மீட்டரின் மெல்லலை சீறிப் பாய்ந்தது. பச்சை! "வந்துடுச்சு சார், வந்துடுச்சு!" என்று அம்மையார் ஆர்ப்பரிக்க, வேன் புழுதி கிளப்பிப் பறந்தது.

திரை விலகியபோது முன்வரிசையில் ஒற்றைச் செருப்புடன் வீற்றிருந்தார் வெற்றி வேந்தர். மரம் அவரைக் கண்டது. அசையாமை என்னும் தன் அறத்தை அக்கணமே துறந்து, இரு கிளைகளையும் ஓங்கி ஆட்டியது.

மறுநாள் குழிக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டார்கள்.