புகைநோக்கர் வந்த சீமை

கிழக்கே போக வேண்டுமென்றால் முதலில் மேற்கே நடக்க வேண்டும். அப்படிச் சுற்றிச் சுற்றிச் சாலை போட்டிருந்த நாடு ஒன்று இருந்தது. பெயர் நிறைபுரி. பெயரில் இருந்த நிறைவு தலைநகரத்து மதில்வரை வந்து நின்றுகொண்டது. மதிலுக்கு அப்பால் கரட்டுச்சீமை. அங்கே கல் விளையும், கள்ளி விளையும், மழை மனது வைத்தால் கொஞ்சம் சோளமும் விளையும்.

ஒரு நாள் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அரசருக்கு ஏழைகளின் நினைவு வந்தது. நல்ல மனசுதான், கண்ணுகளா, அதில் குறை சொல்லக் கூடாது. "வறுமையை ஒழிக்க வேண்டும்" என்றார்.

"ஒழித்துவிடலாம் மகாராஜா. அது எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட வேண்டும்" என்றார்கள் அமைச்சர்கள்.

பார்ப்பதற்கென்று ஒரு பதவி பிறந்தது. புகைநோக்கர் என்று பெயர். கரட்டுச்சீமைக்கு வந்த புகைநோக்கரின் பெயர் அரங்கநாயகம். குன்றின்மேல் கூடாரம் அடித்து, தூரக்கண்ணாடி வைத்து, காலையில் கூரைகளைப் பார்ப்பது அவர் உத்தியோகம். கூரையில் புகை எழுந்தால் அடுப்பு எரிகிறது. அடுப்பு எரிந்தால் அரிசி இருக்கிறது. அரிசி இருக்கிறவர் ஏழை இல்லை. புகை எழாத வீடுகளுக்கு மட்டும் அரண்மனை அரிசி தரும். தெருவில் ஒரு வீட்டில் புகைந்தாலும் அந்தத் தெருவே முன்னேறிவிட்டதாகக் கொள்ளப்படும்.

அவர் தமுக்கடித்து இதைச் சொன்னபோது கூட்டத்தில் பாவாயி நின்றிருந்தாள். புருஷன் போன பிறகு கல் உடைத்தே ஒரே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். அந்த மகள் தவமணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

"ஏனுங்க ஐயா, அரிசி நெசமாவே குடுப்பீங்களா?"

"கொடுப்போம்."

"அதை ஆக்கித் திங்கலாங்களா?"

"ஆக்கினால் புகை வருமே, அம்மா. புகை வந்தால் நீங்கள் ஏழை இல்லையே."

"அப்ப அரிசியை என்னங்க பண்றது?"

"பத்திரமாக வைத்திருங்கள். அதற்குப் பெயர்தான் உணவுப் பாதுகாப்பு" என்றார் அரங்கநாயகம், சிரிக்காமல்.

ஊர் அரிசியைப் பத்திரமாக வைத்திருந்தது. ஊறவைத்து மென்று பார்த்தது. பிள்ளைகளுக்கு வயிறு வலித்தது. அப்போதுதான் பாவாயியின் கண் ஊருக்கு வெளியே மேற்கே மூடிக் கிடந்த ஓட்டாலையில் விழுந்தது. ஒரு காலத்தில் ஓடு சுட்ட இடம். உயரமான புகைபோக்கி மட்டும் வேலையில்லாமல் நின்றது.

"குப்பண்ணா, அது வூடா?" என்று கேட்டாள். குப்பண்ணன் அங்கே தீ மூட்டிய கிழவர்.

"அது எப்பிடி வூடாவும்? வௌவாலுதான் குடியிருக்குது."

"வூடு இல்லைன்னா அங்க பொகை வரலாமல்ல?"

குப்பண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு விறகுக்குக் கிளம்பிவிட்டார்.

ஊருக்கே ஓர் அடுப்பு. எல்லார் அரிசியும் ஒரே அண்டாவில் விழுந்தது. தனியாக ஆக்கியபோது உப்புக்குச் சண்டை போட்ட பெண்கள் சேர்ந்து ஆக்கியபோது பாட்டுக்குச் சண்டை போட்டார்கள். வாசனை சாலைக்குப் போனது. வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு இறங்கினார்கள். அவர்களுக்காக ஒருத்தி இலை தைத்தாள். ஒருவன் கிணற்றடியில் கத்தரி போட்டான். கரட்டுச்சீமையில் கை சும்மா இருந்தவர்கள் என்று யாரும் மிஞ்சவில்லை.

குன்றின்மேல் அரங்கநாயகம் தூரக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இவ்வளவு புகை! வீடும் இல்லை. அப்படியென்றால் தொழில் வளர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். தலைநகரத்துக்குக் குதிரை பறந்தது. அங்கே வெடி போட்டுக் கொண்டாடினார்கள். திரும்பி வந்த குதிரையில் ஒரு பெரிய பூட்டும் அரச முத்திரையும் வந்தன.

"இது இனி வட்டார வளர்ச்சி முனையம். மகாராஜா தம் திருக்கரத்தால் திறந்து வைக்கும்வரை உள்ளே யாரும் போகக் கூடாது" என்று அரங்கநாயகம் கதவைப் பூட்டினார்.

"தொறந்துதானுங்களே கிடந்துச்சு?" என்றாள் பாவாயி.

"திறந்து கிடப்பது வேறு, அம்மா. திறந்து வைக்கப்படுவது வேறு."

"மகராசா எப்ப வருவாருங்க?"

"நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

நல்ல நாள் பார்க்காமல் தவமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பச்சரிசியை ஊறவைத்துக் கொடுக்க முடியுமா? பால் சுரக்கவில்லை, குழந்தை அழுது அழுது குரல் கம்மியது. பாவாயி தன் வீட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள்.

"பத்த வையக்கா. எங்க அரிசி போனாப் போவுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் பிள்ளை அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. பாவாயி எழுந்து குன்றேறினாள்.

மேலே அரங்கநாயகம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "பாவாயம்மா, புகை எங்கே?"

"பூட்டுக்குள்ளீங்க."

"வளர்ச்சி விழுந்துவிட்டது என்று தலைநகரத்தில் என் தலையைக் கேட்கிறார்கள்!"

"அப்பக் கதவைத் தொறந்து உடுங்க."

"முத்திரையை உடைத்தால் அதற்கும் என் தலையைத்தான் கேட்பார்கள்."

"உங்களுக்கு எத்தனை தலைங்க?" என்றவள் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள். "எம் பேத்தி பாலில்லாமக் கெடக்குதுங்க. பெத்தவளுக்குச் சுடுகஞ்சி வேணும். நல்ல நாள் வரைக்கும் தாங்காது, சாமி. இன்னைக்கே வேணும்."

அரங்கநாயகம் தூரக்கண்ணாடியைக் கிழக்குப் பக்கம் திருப்பினார். "முத்திரை வைத்தது முன்கதவுக்கு. பின்சுவர் பற்றி அரசாணை எதுவும் சொல்லவில்லை. நான் இன்று முழுவதும் கிழக்கே பார்க்கப்போகிறேன்."

கல் உடைக்கிற ஊருக்குச் சுவர் எம்மாத்திரம்? கடப்பாரைகள் நாலு முறை பேசின, வழி பிறந்துவிட்டது. புகைபோக்கி மூச்சு விட்டது. பூண்டு தட்டிப் போட்ட கஞ்சி ஆவி பறக்கத் தவமணியிடம் போனது. மறுநாள் குழந்தை பால் குடித்த சத்தம் வாசல்வரை கேட்டது. "இவ என்ன, வரி வசூலிக்கிறாப்பல உறிஞ்சறா!" என்றார் குப்பண்ணன். தலைநகரத்தில் வளர்ச்சி எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அரசருக்கு ஒருவழியாக நல்ல நாள் கிடைத்தபோது குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தாள். முன்கதவில் பட்டு ரிப்பன் கட்டினார்கள். "இக்கணத்திலிருந்து கரட்டுச்சீமையில் அடுப்பு எரியும்!" என்று முழங்கி, ரிப்பனை வெட்டி, அரசர் கதவைத் தள்ளினார்.

உள்ளே மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருந்தது.

எடுத்த கவளம் எடுத்தபடி நின்றது. பாவாயியின் கரண்டியிலிருந்து ரசம் சொட்டியது. உண்மை தெரிந்தால் பின்சுவரை அடைத்துவிடுவார்களே என்று அவள் பயந்தாள். அரங்கநாயகம் கண்ணை மூடிக்கொண்டு தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

அரசர் இலைகளைப் பார்த்தார், கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்ன வேகம்! கத்தரிக்கோலைக் கீழே வைப்பதற்குள் மூன்றாம் பந்தி!"

"தங்கள் கைராசி, மகாராஜா" என்றார்கள் அமைச்சர்கள்.

"இந்தக் குழந்தை?"

மூத்த அமைச்சர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கதவு திறந்த பிறகு பிறந்ததுதான், மகாராஜா."

"அதற்குள் தவழ்கிறதே!" அரசருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாவாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை மறைக்கப் பெரிய இலையாக ஒன்றை எடுத்துப் போட்டாள். "உக்காருங்க சாமி. சோறு ஆறிரும்."

அரசர் உட்கார்ந்தார். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கை கழுவும்போதே ஆணையிட்டார்: எல்லாச் சீமைகளிலும் இதே போல வளர்ச்சி வர வேண்டும்.

அடுத்த மாதமே எல்லாச் சீமைகளுக்கும் கதவும் பூட்டும் பட்டு ரிப்பனும் போய்ச் சேர்ந்தன. கடப்பாரையை அந்தந்த ஊர்க்காரர்களே கொண்டுவந்துகொண்டார்கள்.